மிஸியின் மனிசனும் பன்றிக் காய்ச்சலும்

வவுனியாவில் குகதாசன் என்று விசாரித்தால் ஒருவருக்கும் என்னைத் தெரியாது. ‘மிஸியின்ர மனிசன்’ என்று கேட்டுப் பாருங்கள், சின்னப்பிள்ளையும் வீட்டைக் காட்டும். தாதிமாரை எங்கள் பக்கத்தில் மிஸி என்றுதான் கூப்பிடுவது. வன்னிக்குள் உருத்திரபுரத்தில் இருந்தபோது நான் சொந்தமாக உழவு மெசின் வைத்து ஓடியவன். அந்தச் சத்தத்தைக் கேட்டே ஆள் யாரென்று சொல்லுவார்கள். சண்டையின் கடைசி மாதங்களில் அந்த மெசினை டீசல் இல்லாமல் ஏதோ ஒரு வெளியில் விட்டுவிட்டு, மனைவியோடு நடந்து வந்து, ஆட்களை வெளியே விடாத அகதி முகாமுக்குள் ஏறினேன். கமலாசனி அரசாங்கத் தாதி என்பதால் அவளுக்கு வவுனியாவில் வேலை கொடுத்து வெளியே விட்டார்கள். அவளுடைய பெட்டி படுக்கையோடு சேர்த்து என்னையும் விட்டார்கள். இதை நினைத்து நான் கவலைப்பட்டதே இல்லை. உயிரோடு வெளியே வந்தோமே, எந்தக் கணக்கில் வந்தால் என்ன?

கமலாசனியைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். என் கதையை இழுத்தால் அது வேறு பாதையில் போய்விடும்.

அவள் யாழ்ப்பாணத்தில் படித்து முடித்துவிட்டு வன்னிக்கு வேலைக்கு வந்தவள். ஆசுப்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கிற வேலை அவளுக்குக் கொஞ்சக் காலந்தான் பிடித்தது. வருத்தம் வந்து படுத்த பிறகு பார்க்கிறதை விட, படுக்க முதல் வீட்டுக்குப் போய்ப் பிடிக்கவேண்டும் என்று சொல்லி, வீடு வீடாகத் திரிகிற சுகாதார வேலைக்கு மாறினாள். சண்டை நின்றிருந்த சமாதான காலத்தில் எங்கள் ஊரில் வயிற்றோட்டம் வந்தபோது கிணறு கிணறாக மருந்து போட்டவள் அவள்தான். பிறகு சிக்குன்குனியா வந்து ஊரே மூட்டுப் பிடித்து முடங்கிக் கிடந்தபோது, தானும் நொண்டிக்கொண்டே போய், தண்ணீர் தேங்கினால் நுளம்பு முட்டையிடும் என்று மற்றவர்களின் வளவில் கிடந்த தேங்காய்ச் சிரட்டைகளைக் கவிழ்த்தாள். அந்தச் சிரட்டை கவிழ்க்கிற பழக்கம் இன்றுவரை போகவில்லை. கலியாண வீட்டுக்குக் கூட்டிப் போனால், மாப்பிள்ளை பொம்பிளையைப் பார்க்க முதல் வேலியோரத்தைப் பார்ப்பாள். பட்டுச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குனிந்தாள் என்றால் நான் மற்றப் பக்கம் திரும்பி நின்றுகொள்ளுவேன்.

வவுனியாவில் நாங்கள் வாடகைக்கு இருந்தது மன்னார் வீதியிலிருந்து உள்ளே இறங்கும் ஓர் ஒழுங்கையில். ஒழுங்கையின் மேற்குப் பக்கம் முஸ்லிம் வீடுகள், கிழக்குப் பக்கம் எங்கள் ஆட்களின் வீடுகள். இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டு மாரி தொடங்கின நேரத்தில், உலகமெல்லாம் சுற்றி வந்த பன்றிக் காய்ச்சல் எங்கள் ஒழுங்கைக்கும் வரப்போகிறது என்று ரேடியோவில் சொன்னார்கள். ஒழுங்கையின் பெயரைச் சொல்லித்தான் சொன்னது போல கமலாசனி அன்றைக்கே எழும்பிவிட்டாள். ஒவ்வொரு பக்கத்திலும் நாலைந்து பெண்களைப் பிடித்தாள். மேற்குப் பக்கத்துக்கு றிம்ஸியா என்ற பிள்ளை, கிழக்குப் பக்கத்துக்குச் சிவலட்சுமி அக்கா என்று பொறுப்புக் கொடுத்தாள். யாருக்குக் காய்ச்சல், எந்த வீட்டில் பிள்ளைத்தாய்ச்சி, எந்த வீட்டில் இழுப்புக்காரர் என்று இவர்கள் பின்னேரங்களில் போய் விசாரிக்கவேண்டும். காய்ச்சல் வீட்டுக்காரர் வெளியே வரக்கூடாது. அந்த வீட்டுக்குப் பக்கத்து வீட்டார் சமைத்துக் கேற்றடியில் வைக்கவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, சவுக்காரம் போட்டுக் கை கழுவவேண்டும். அவள் கை கழுவக் காட்டிக் கொடுக்கிறதைப் பார்த்தால் விரலைக் கழற்றி எடுத்துக் கழுவுகிறாளோ என்று நினைப்பீர்கள்.

இந்தக் கூத்துக்கெல்லாம் சாரதி நான். வேலையில்லாத மனிசன், இரவல் மோட்டார் சைக்கிள், மழை, சேறு, பின்னால் பையோடு ஒரு மிஸி. புறுபுறுத்துக்கொண்டேதான் ஓடினேன். ஓடாமல் வீட்டில் இருந்திருந்தால் மெசினை நினைத்து நினைத்தே பைத்தியம் பிடித்திருக்கும் என்பது அவளுக்குத் தெரியும். அதனால்தான் நடந்து போகக்கூடிய வீட்டுக்கும் என்னை ஏற்றிக்கொண்டு போகச் சொன்னாள் என்று பிறகுதான் விளங்கியது.

இந்த இடத்தில் காட்டுப்பன்றியைப் பற்றியும் சொல்லவேண்டும். வன்னியில் பிறந்தவனுக்குக் காட்டுப்பன்றி இறைச்சி என்றால் என்னவென்று நான் விளக்கத் தேவையில்லை. செட்டிகுளம் பக்கத்திலிருந்து மூக்கன் என்று ஒருவன் இடைக்கிடை கொண்டுவருவான். காய்ச்சலின் பெயர் பரவியதோடு அவனிடம் ஒருவரும் வாங்கவில்லை. சிவலட்சுமி அக்கா புகையில் காயப்போட்டிருந்த இறைச்சி வத்தலையும் எடுத்துக் குழி தோண்டித் தாட்டுவிட்டா. நானும் முதலில் பயந்து விட்டுவிட்டேன், பொய் சொல்லவில்லை. கமலாசனிதான் சிரித்தாள். இந்தக் காய்ச்சல் தின்னுகிறதால் வருவதில்லை, இருமலாலும் தும்மலாலும் மூக்கைத் துடைத்த கையாலும் வருவது, கிழக்குப் பக்கத்தார் இறைச்சியைத் தாட்டுவிட்டுக் கையைக் கழுவாமல் திரிகிறார்கள் என்று ஏசினாள். மிஸியே சொன்ன பிறகு எனக்கென்ன? ஊர் முழுக்க விட்டதை நான் ஒருவன் நின்று தின்றேன்.

ஆனால் ஓர் இடத்தில் மட்டும் இதை மூச்சுவிடாமல் வைத்திருந்தேன். அது ஜமால்தீன் நானாவின் கடை; முஸ்லிம் ஆட்கள் அண்ணனை நானா என்பார்கள். சந்தியில் பலசரக்குக் கடை வைத்திருந்தார். முல்லைத்தீவுப் பக்கம் தண்ணீரூற்றுக்காரர். தொண்ணூறில் முஸ்லிம்களை ஊரைவிட்டுத் துரத்தியபோது உடுத்த உடுப்போடு புத்தளத்துக்குப் போய், சமாதான காலத்தில் வவுனியா வரைக்கும் திரும்பி வந்தவர். தன் ஊர் வயலைப் பற்றி அவர் கதைப்பார், நான் என் மெசினைப் பற்றிக் கதைப்பேன். என்னைக் குகதாசன் என்று பெயர் சொல்லிக் கூப்பிட்ட ஒரே ஆள் வவுனியாவில் அவர்தான். அந்தக் கடையில் நான் இருந்து கதைக்கிற மர வாங்கு எனக்கு எவ்வளவு பெரிய விசயம் என்று சொல்லத் தெரியவில்லை. அதில் எனக்கென்று ஒரு தேத்தண்ணீர்க் கிளாசும் இருந்தது. பன்றி தின்கிறவன் என்று தெரிந்தால் அந்தக் கிளாஸ் என்ன ஆகும் என்று பயந்தேன். அவருக்கு அருவருப்பு வருவது நியாயந்தானே.

நானாவின் மகன் சப்ராஸ் கட்டாரில் வேலை. அவனுடைய பெஞ்சாதி இஷ்ராவுக்கு அது எட்டாம் மாதம். தலைப்பிள்ளை. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முந்திய கிழமை அவள் கிளினிக்குக்கு வரவில்லை. கமலாசனி விடுவாளா? “எடுங்கோ மோட்டார் சைக்கிளை” என்றாள்.

வாசலில் நானாவின் மனைவி ஸுஹறா அக்கா நின்றா. நான் கேற்றடியில் மோட்டார் சைக்கிளோடு நின்றுகொண்டேன், அது என் வழமையான இடம். மருமகள் புத்தளத்துக்குத் தாய் வீட்டுக்குப் போய்விட்டாள், பிள்ளை பிறந்த பிறகுதான் வருவாள் என்று ஸுஹறா அக்கா சொன்னா. முகத்தைப் பார்க்காமல் சொன்னா. கமலாசனி சரி என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்து ஏறிவிட்டாள். ஒழுங்கை முகப்புக்குப் போகும்வரை நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேன். பிறகு முடியவில்லை.

“இஞ்சரும், நீர் அங்க வாசல்ல நிண்டு கதைச்சுக்கொண்டிருக்கேக்க, கேற்றடி யன்னலுக்குள்ள ஒரு பொம்பிளை இருமிறது கேட்டது. இளம் ஆள். இருமிப்போட்டு மூச்சுக்கு இழுத்தது. புத்தளத்தில இருமினா இஞ்ச கேக்குமோ?”

“இதை அங்கயே சொல்லுறதுக்கென்ன?” என்று கேட்டு முதுகில் குத்தினாள். குத்து நல்ல குத்துத்தான். மோட்டார் சைக்கிளைத் திருப்பினேன்.

இரண்டாம் தரம் அவள் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. முகக்கவசத்தைக் கட்டிக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, “அக்கா, நான் பிள்ளையைப் பாத்திட்டுப் போறன்” என்று சொல்லி உள்ளே போய்விட்டாள். ஸுஹறா அக்கா மறிக்கவும் முடியாமல் விடவும் முடியாமல் பின்னால் போனா. ஆள் அனுப்பியிருப்பார்கள் போல, கடையிலிருந்து நானாவும் சைக்கிளில் மூச்சுவாங்க வந்து இறங்கினார். அந்த முகத்தில் ஈயாடவில்லை.

கமலாசனி வெளியே வந்தபோது அவளுடைய கண்ணைத்தான் பார்த்தேன். சண்டைக்குள் இடம்விட்டு இடம் ஓடிக்கொண்டிருந்த காலத்தில், சாகப்போகிறவர்களைப் பார்த்துவிட்டு வருகிறபோது அவளுக்கு அந்தக் கண் இருக்கும். பிள்ளைக்கு நெருப்பாகக் காய்கிறது, மூச்சு மேல்மூச்சு வாங்குகிறது, உதட்டில் நிறம் இல்லை என்றாள். இந்தக் காய்ச்சல் மற்றவர்களைச் சும்மா படுக்கப் போட்டுவிட்டுப் போகும், பிள்ளைத்தாய்ச்சியை அப்படி விடாது என்றாள். இப்போதே ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோனால் அதற்கென்று ஒரு மாத்திரை இருக்கிறது, பிந்தினால் அதுவும் வேலை செய்யாது, தாயும் இல்லை பிள்ளையும் இல்லை என்று நேராகவே சொன்னாள்.

அப்போதுதான் ஸுஹறா அக்காவின் அழுகை வெடித்தது. அவ கெட்ட மனுசி இல்லை. மருமகளுக்கு மல்லி அவித்துக் கொடுத்து, நெஞ்சுக்கு எண்ணெய் பூசி, ஓதித் தண்ணீர் கொடுத்து, பக்கத்திலேயே இருந்திருக்கிறா. அடுத்த ஒழுங்கையில் ஒரு முஸ்லிம் வீட்டுக்கு அம்புலன்ஸ் வந்த நாளிலிருந்து அந்த வீட்டுக்குச் சனம் வைத்த பெயரையும் கேட்டிருக்கிறா. அந்தப் பெயரை நான் இங்கே எழுதமாட்டேன்.

“மிஸி, எங்கட வீட்டில அந்தச் சாமானைக் கண்ணாலயும் கண்டதில்ல, வாயாலயும் சொன்னதில்ல. அந்தக் காய்ச்சல் எங்களுக்கு எப்பிடி வரும்? இது சும்மா தடிமன் காய்ச்சல். ஆசுப்பத்திரிக்குப் போய் அவங்க அந்தப் பேரை எழுதிட்டா, நாங்க எதையோ ஒளிச்சுத் திண்டதெண்டுதான் சனம் கதைக்கும். எனக்கு மூத்த மகளுக்குக் கலியாணம் பேசிக்கிடக்கு. இவர் எப்பிடிப் பள்ளிக்குத் தொழப் போவார்?”

நானா நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, போவோம் என்றும் சொல்லவில்லை. உள்ளே அந்தப் பிள்ளை இருமியது. நேரம் போய்க்கொண்டிருந்தது. எனக்கு என் பாட்டில் கோபம் வந்தது; யாரில் என்று தெரியாத கோபம். இவ்வளவு சாவுக்குள்ளாலும் வந்து, கடைசியில் ஒரு பெயருக்காக ஒரு பிள்ளைத்தாய்ச்சி சாகவேண்டுமா?

கமலாசனி ஸுஹறா அக்காவின் கையைப் பிடித்தாள். பிறகு மற்றக் கையைத் தூக்கி, கேற்றடியில் நின்ற என்னைக் காட்டினாள்.

“அக்கா, திண்டு வாற காய்ச்சலெண்டா முதல்ல ஆருக்கு வந்திருக்கோணும் தெரியுமோ? அந்தா நிக்கிறார், என்ர மனிசன். காட்டுப்பண்டியெண்டா அவருக்கு உயிர். ஊரெல்லாம் விட்டாலும் அவர் விடேல்லை. அவருக்கு ஒரு தும்மல்கூட இல்லை. உங்கட பிள்ளை அதைக் கண்ணாலயும் காணாதவள். அவள் மூச்செடுக்கேலாமல் கிடக்கிறாள். சாப்பாட்டுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை எண்டதுக்கு இதுக்கு மேல நான் என்ன சாட்சி கொண்டுவர?”

என் மானம் கப்பலேறிவிட்டது. நிலம் பிளந்து என்னையும் மோட்டார் சைக்கிளையும் விழுங்கினால் நல்லது என்று நின்றேன். எத்தனை நாளாக மூடி மூடி வைத்தது! ஜமால்தீன் நானா தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். கோபமா, அருவருப்பா, ஒன்றும் பிடிபடவில்லை. அப்படி ஒரு பார்வை.

“உண்மையா குகதாசன்?” என்று கேட்டார்.

இல்லை என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் கடையில் இருக்க இடமும் கிளாசும் எனக்கு மிஞ்சியிருக்கும். கமலாசனி என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கெஞ்சவில்லை, நான் என்ன சொல்லுவேன் என்று அவளுக்குத் தெரியும் என்ற மாதிரி நின்றாள். அந்த நம்பிக்கைக்கு முன்னால் மனிசன் என்ன செய்கிறது?

“ஓம் நானா. நேற்றும் திண்டனான். மூக்கன்தான் கொண்டந்தவன். எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. பிள்ளையைக் கொண்டுபோங்கோ.”

நானா திரும்பி மனைவியைப் பார்த்தார். “உடுப்பை எடு” என்றார்.

அம்புலன்ஸ் வேண்டாம் என்று கமலாசனியே சொல்லிவிட்டாள். கடைச் சாமான் ஏற்றும் நானாவின் வானையே வாசலுக்கு எடுப்பித்து, உள்ளே பாய் விரித்து, இஷ்ராவைத் தன் தோளில் சாய்த்து வைத்துக்கொண்டு போனாள். எல்லோருக்கும் முகக்கவசம் கட்டி, யன்னலெல்லாம் திறக்க வைத்தாள். நான் மழைக்குள்ளால் பின்னால் ஓடினேன். அந்த வானின் பின் கதவைப் பார்த்துக்கொண்டே, முருகா இந்தப் பிள்ளையைக் காப்பாற்று, இனிப் பன்றியைத் தொடமாட்டேன் என்று நேர்ந்தும் விட்டேன்.

கமலாசனி முதலே போனில் சொல்லியிருந்ததால் ஆசுப்பத்திரியில் தயாராக இருந்தார்கள். கமலாசனி சொன்ன மாத்திரையை உடனே கொடுத்து, ஒட்சிசனும் வைத்தார்கள். அந்தக் காய்ச்சல்தான் என்று பிறகு சோதனையிலும் வந்தது. ஆனால் அதை ஒழுங்கையில் ஒருவருக்கும் கமலாசனி சொல்லவில்லை, என்னையும் சொல்லவிடவில்லை. நிமோனியா என்று றிம்ஸியா எல்லோருக்கும் சொன்னாள். அதுவும் பொய்யில்லையாம். ஸுஹறா அக்காவும் நானாவும் வீட்டுக்குள்ளேயே இருக்க, மேற்குப் பக்கத்துப் பெண்களும் கிழக்குப் பக்கத்துப் பெண்களும் முறை வைத்துக் கேற்றடியில் சாப்பாடு வைத்தார்கள். பெருநாளன்றைக்குச் சிவலட்சுமி அக்கா, முஸ்லிம் வீடுகளில் செய்கிற வட்டிலப்பம் என்ற இனிப்பைச் செய்து வைத்தா. அவவுக்கு அது சரியாக வருவதில்லை. ஆனாலும் வெறும் தட்டம்தான் திரும்பி வந்தது.

அந்த நாட்களில் நான் கடைப்பக்கம் போகவில்லை. கடை பூட்டித்தான் இருந்தது, திறந்திருந்தாலும் போயிருக்கமாட்டேன். ஆசுப்பத்திரிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து கமலாசனி நேரே குசினிக்குள் போய்விடுவாள். அவள் பாத்திரம் வைக்கிற சத்தத்தை வைத்துத்தான் நிலைமையை நான் கணிப்பது. ஒரு பின்னேரம் அவள் முற்றத்தில் நின்றபடியே, “இஞ்சருங்கோ, காய்ச்சல் விட்டிட்டுது. பிள்ளை வயித்துக்க நல்லாத் துடிக்குது” என்று சொல்லிவிட்டு, அப்படியே படியில் இருந்து அழுதாள். வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது எனக்கு. முகாமிலிருந்து வெளியே வந்த நாளிலும் அவள் அழவில்லை. நான் பக்கத்தில் இருந்து, நேர்த்தி வைத்த கதையைச் சொன்னேன். அழுகைக்குள்ளாலேயே சிரித்துவிட்டாள்.

இஷ்ரா வீட்டுக்கு வந்தாள். மார்கழி முடிய முதல் சுகமாக ஒரு ஆண் பிள்ளையும் பிறந்தது. ஏழாம் நாள் பெயர் வைக்கிறார்கள், இரண்டு பேரும் கட்டாயம் வரவேண்டும் என்று றிம்ஸியா வந்து சொல்லிவிட்டுப் போனாள். நான் வரமாட்டேன் என்றேன். தாய் பிள்ளை சுகமாய் இருக்கிறார்கள், அது போதும், என் முகத்தைக் கொண்டுபோய் அங்கே காட்டத் தேவையில்லை என்றேன். கமலாசனி என் சேட்டு ஒன்றை எடுத்து இஸ்திரி போட்டு வைத்தாள்.

போனேன். ஆனால் என் வழமையான இடத்திலேயே, கேற்றடியில், மோட்டார் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளே பள்ளி மௌலவியும் ஆட்களும் இருந்தார்கள். சமையல் வாசம் வந்தது. நானா என்னைக் கண்டு எழும்ப முதல் ஸுஹறா அக்கா கண்டுவிட்டா. அவ விறுவிறென்று முற்றத்துக்கு இறங்கி வந்தா. ஒரு கையில் செம்பு, மற்றக் கையில் சவுக்காரம்.

“கையை நீட்டுங்க” என்றா.

பன்றி தொட்ட கை. கழுவித்தான் உள்ளே எடுப்பார்கள், அது அவர்களுடைய வழக்கம், குறை சொல்ல ஒன்றுமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு கையை நீட்டினேன். அவ தண்ணீர் வார்த்தா. நான் சும்மா தேய்த்தேன். அது அவவுக்குப் போதவில்லை.

“விரல் இடுக்கெல்லாம் தேயுங்க. மிஸி சொல்லித் தந்தது உங்களுக்கே தெரியாதா? மௌலவியும் இதே சவுக்காரம் போட்டுத்தான் உள்ள போனவர். அவருக்கு ரெண்டு தரம். கை கழுவாத ஒருத்தரையும் நான் என்ர பேரப்பிள்ளைக்குக் கிட்ட விடுறதில்ல.”

நான் அவவைப் பார்த்தேன். கிண்டலில்லை. உண்மையாகவே கண்டிப்பாக நின்றா. மேற்குப் பக்கத்தின் வீடு விசாரிக்கிற வேலையை றிம்ஸியாவிடமிருந்து இவவே பிடுங்கி எடுத்துக்கொண்டா என்று கமலாசனி சொன்னது நினைவுக்கு வந்தது. நான் விரல் விரலாகத் தேய்த்துக் கழுவினேன். கழுவி முடிய, ஜமால்தீன் நானா வெள்ளைத் துணியில் சுற்றிய குழந்தையோடு முற்றத்துக்கு வந்து நின்றார்.

“இதென்ன குகதாசன், கேற்றடியில? கடையில உன்ர கிளாஸ் தூசி பிடிச்சுக் கிடக்கு” என்று சொல்லிக்கொண்டே குழந்தையை என் கையில் வைத்தார்.

என் கை இன்னும் ஈரம். குழந்தை சூடாக இருந்தது, காய்ச்சல் சூடில்லை, நல்ல சூடு. கண்ணைத் திறந்து என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தும்மியது. முற்றத்தில் நின்ற எல்லோரும் ஒரு கணம் மூச்சை அடக்கிக்கொண்டு கமலாசனியைப் பார்த்தார்கள். அவள் அந்த நேரத்தில் வேலியோரம் குனிந்து நின்று ஒரு சிரட்டையைக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்துவிட்டு, “சும்மா தும்மல்தான், பயப்பிடாதேங்கோ” என்றாள். மௌலவி உட்பட எல்லோரும் சிரித்தார்கள். நான் குழந்தையோடு அந்த வீட்டுப் படியேறி உள்ளே போனேன்.